கல் பிஸ்கட் விஷயமாக அப்பா எழுதுவது

பாப்பா,

இத்தாலியிலிருந்து நீ கொடுத்தனுப்பிய கந்துச்சி என்கிற பாதாம் பிஸ்கட் பொட்டலம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. "சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கப்பா, இந்தக் கல்லுக்குப் போய் இவ்வளவு காசா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உங்கம்மா எப்படியும் சொல்லிவிடுவாள். பொட்டலத்தைப் பிரித்ததும் ஒன்றை எடுத்து, பேக்கரியில் 32 வருடம் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற நினைப்பில், அப்படியே கடைவாயில் வைத்துக் கடித்தேன். பாதாம் இருந்த இடம் போல. கேப் போட்டிருந்த பல்லின் கேப் கையோடு வந்துவிட்டது. பிஸ்கட் முழுசாக இருந்தது. உங்கம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டர் மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டார், கவலைப்படாதே.

அதனால் நான் கோபத்தில்தான் எழுதுவேன் என்று நினைக்காதே. அன்றைக்குச் சாயங்காலமே டீயோடு உட்கார்ந்தேன். ஒரு கையில் நம்ம ரஸ்க், ஒரு கையில் உன் பிஸ்கட். ரஸ்க்கை முக்கி மூன்று எண்ணுவதற்குள் எடுக்காவிட்டால் தம்ளருக்குள் விழுந்து கஞ்சியாகிவிடும், உனக்குத் தெரியும், சின்ன வயதில் ஸ்பூன் வைத்து அள்ளித்தான் சாப்பிடுவாய். இது பத்து எண்ணும்வரை அசையவில்லை. பன்னிரண்டில் எடுத்தேன். வெளியே கேக் போல இளகியிருந்தது, நடுவில் மட்டும் லேசான முறுகல், பாதாம் மட்டும் தன் பங்குக்குக் கடக்கென்றது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இது கடிப்பதற்குச் செய்ததே இல்லை பாப்பா, நனைப்பதற்குச் செய்தது. நீ அங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு பையிலிருந்து எடுத்துக் கடித்தால் கல் மாதிரிதான் இருக்கும்.

ரஸ்க்கும் இதுவும் ஒரே குடும்பம், இரண்டுமே இரண்டு தடவை அடுப்புக்குப் போகிறவை. ஆனால் ரஸ்க் என்பது ஈஸ்ட் போட்டுப் பொங்கிய ரொட்டி, அதை வெட்டித் திரும்பக் காய வைக்கிறோம், உள்ளே முழுக்க ஓட்டை, டீயைப் பார்த்தவுடன் குடித்துவிடும். உன் பிஸ்கட் மாவில் அந்த ஓட்டை கிடையாது. மைதா, சர்க்கரை, முட்டை, தோலோடு முழுப் பாதாம், அவ்வளவுதான் பழைய முறை. வெண்ணெயோ எண்ணெயோ இல்லை. மாவை உருட்டி நீளக் கட்டையாக ட்ரேயில் வைத்து ஒரு தடவை வேக வைத்து, சூடு இருக்கும்போதே சாய்வாக வெட்டி, திரும்ப அடுப்பில் வைத்து மிச்ச ஈரத்தை ஓட்டுகிறார்கள். ராத்திரியில் போனில் ஐந்தாறு வீடியோ பார்த்தேன், உள்ளபடி சொன்னால் எனக்குக் கை அரித்தது. அந்த வெட்டுதான் வேலை. ஆறவிட்டால் பாதாம் இருக்கும் இடத்தில் உடைந்து தூளாகும், ரொம்பச் சூட்டில் வெட்டினால் மாவு கத்தியோடு இழுத்துக்கொண்டு வரும். கத்தி சரியாக இறங்கினால் பாதாமே இரண்டாகி வெள்ளையாகத் தெரியும். நீ அனுப்பியதில் அப்படி வெட்டுப்பட்ட பாதாமைத் தேடிப் பார்த்தேன், நாலு துண்டுக்கு ஒன்று கண்ணில் பட்டது.

இங்கேதான் விலை விஷயம் வருகிறது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். பாதாம் 12 சதவீதம், அப்புறம் ஏதோ வாசனை எசன்ஸ். பாதாமைக் குறைத்துவிட்டு எசன்ஸை ஊற்றுவது எங்கள் தொழிலில் தெரியாத வித்தையா என்ன. ஆக, இந்தப் பொட்டலம் காசுக்குக் கேடு என்று நீ சொன்னது சரி. ஆனால் அதை வைத்து அந்தப் பிஸ்கட்டையே வேண்டாம் என்று தள்ளாதே. ஐரோப்பாவில் பெயரிலோ படத்திலோ பாதாமைக் காட்டி விற்றால் அது எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆக வேண்டும், அந்த ஒரு எண்ணைப் பார்த்து வாங்கு. எண்ணெய், மார்ஜரின் என்று எதையாவது பார்த்தால் வைத்துவிட்டு வா.

அதைவிட ஒன்று செய். உன் வீட்டுக்கார அம்மா பிராத்தோவுக்குப் போய் வாங்கச் சொன்னதாக நீயே போன மாதம் சொன்னாய். பிளாரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் இருக்குமா? அந்த ஊரில் ரிக்காசோலி தெருவில் அந்தோனியோ மத்தேயி என்பவர் 1858இல் ஆரம்பித்த கடை, நீலக் காகிதப் பையில் கட்டிக் கொடுப்பார்களாம். பாதாமோடு பைன் கொட்டையும் போடுவார்கள். கடையில் போய் வெறுமனே பிஸ்கோத்தி என்று கேட்காதே, உங்கள் ஊரில் அது எல்லா பிஸ்கட்டுக்கும் பொதுப் பெயர், கந்துச்சி என்று கேள்.

பிஸ்கோத்தி என்றதும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துவிட்டாள். கடைசிவரை பிஸ்கட் என்று சொன்னதில்லை, 'பிஸ்கோத்து' என்பாள், நாம் கேலி செய்வோம். அது போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல், இரண்டு தடவை வேக வைத்தது என்கிற அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. நம்ம ஊர் மக்ரூன் இருக்கிறதே, அந்தப் பெயரும் இத்தாலியில் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி வந்ததுதான். அங்கே பாதாம், இங்கே முந்திரி. ஒன்று மட்டும் கந்துச்சி செய்கிறவர்களுக்கு வசதி, முட்டையை முழுசாகப் போட்டுவிடுகிறார்கள். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும்தான், மஞ்சள்கருவை என்ன செய்வது என்று தினமும் முதலாளி முகத்தைப் பார்த்து நின்றவன் நான்.

அங்கே இதை வின் சாந்தோ என்கிற இனிப்பு ஒயினில் முக்கிச் சாப்பிடுவார்களாம், சாப்பாடு முடிந்த பிறகு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ பெரியவள். காப்பியிலும் நன்றாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக நாலைந்து கந்துச்சி என்றாயே, அது ஆகாது. வெண்ணெய் இல்லை என்பதற்காக அது மருந்து ஆகிவிடாது, 100 கிராமுக்குச் சுமார் 450 கலோரி, அதில் சர்க்கரை கொஞ்சநஞ்சம் இல்லை. முட்டை அவித்துத் தின்றுவிட்டு, மேலே இரண்டு எடுத்துக்கொள். சாயங்காலம் என்றால் மூன்று.

எனக்கு உங்கம்மா கணக்கு ஒரு நாளைக்குப் பாதி பிஸ்கட். சுகரைச் சொல்லி டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஈரமில்லாத சரக்கு, மாதக்கணக்கில் கெடாது என்று சொல்லிப் பார்த்தேன், "அப்போ மெதுவாவே தின்னலாமே" என்கிறாள். இன்னும் ஒன்பது இருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறாள். டிசம்பரில் வரும்போது நீலப் பை ஒன்று கொண்டு வா, அவள் கையில் கொடுக்காதே.

அப்பா