செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும், கோடை மழையிலும் கோத்தகிரி, அரவங்காடு, வெலிங்டனிலிருந்து குன்னூர் வந்து சேர்ந்திருக்கும், பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது பி.எஸ்.சி. சோதனையைப் பற்றித்தான், அதாவது வரும் வெளிநாட்டுக் கப்பல்களைத் துறைமுக நாடு சோதிப்பது.

நம் பிள்ளைகளில் பலர் இருப்பது பனாமா, லைபீரியா கொடி கட்டிய கப்பல்களில். கொடி எந்த நாட்டுடையதானாலும், துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் அந்தத் துறைமுக நாட்டின் அதிகாரி ஏறிச் சோதிக்கலாம். பெரிய குறை இருந்தால் கப்பலைப் பிடித்து நிறுத்தலாம். இந்தச் சோதனைக்காக இந்தியப் பெருங்கடல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் 1999 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் செயலகம் கோவாவில்.

ஆகஸ்ட் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியரான நம் உறுப்பினர் இருமல் மருந்து மூடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஆயிரம் லிட்டர் தொட்டித் தண்ணீரில் இந்த ஒரு மூடி, அதாவது 15 மில்லி எண்ணெய். இயந்திர அறைக் கழிவுநீரில் அதற்கு மேல் இருந்தால் கடலில் விடக்கூடாது என்றார். குழாய் இணைப்பில் போல்ட்டின் பெயின்ட் உரிந்திருந்தால் சோதனைக்காரரின் கண் அங்கேதான் போகுமாம். எண்ணெய்க் கழிவைச் சுத்திகரிக்காமல் கடலில் விடும் கள்ளக்குழாயை மாட்டிக் கழற்றிய தடமாக அது இருக்கலாம்.

2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். சரக்கிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. துறைமுகத்தில் கிடைக்கும் கொஞ்ச ஓய்வும் சோதனையில் போய்விடுகிறது என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வது நியாயம்தான். ஆனாலும் லைஃப் போட் இறங்குகிறதா என்று வெளியாள் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தான். அவன் அம்மா தேயிலை பறித்துவிட்டு, கூடையோடு நம் அலுவலக வாசலில் வந்து நின்றார். மாதத்துக்கு ஒரு முறையாவது சம்பளம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. துறைமுக அதிகாரியிடமே புகார் செய்யலாம், பெயரை வெளியே சொல்லமாட்டார்கள் என்று விளக்கினோம். அடுத்த துறைமுகத்தில் புகார் செய்தான். அதிகாரி சம்பளக் கணக்கை வாங்கிப் பார்த்தார். பாக்கி தீர்ந்த பிறகே கப்பல் கிளம்பியது.

புகார் செய்யும் முறையைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். கப்பல் ஏறப் போகும் பிள்ளைகளின் பெட்டியில் ஒன்று வைத்து அனுப்புங்கள்.

செயலாளர்
குன்னூர்