வெயில் ரோந்தும் என் லேசரும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது பேப்பரை அவரே படிக்கிறார், வரி விளம்பரம் உட்பட.

வெயிலில் தண்டவாளம் நெளிந்திருக்கிறதா என்று நடந்து பார்க்கும் உன் வெயில் ரோந்து பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்தது. என் பிழைப்பும் அதேதான்: சூட்டில் ஒரு மெல்லிய படலம் எவ்வளவு விரிகிறது என்று அளப்பது. 30 டிகிரி சூடேறினால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 36 சென்டிமீட்டர் நீள வேண்டும். ஆனால் வெல்டு வைத்த பாதையை ஸ்லீப்பர்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், நீள முடியாதது உள்ளுக்குள் அழுத்தமாக ஏறுகிறது. என்னிடம் இருப்பது மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடு படலம். ஒற்றை அடுக்கு, தடிமன் 0.65 நானோமீட்டர். அதைக் கண்ணாடிமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி விட்டால்தானே அது தன் இஷ்டத்துக்கு நீளும்?

பத்து மைக்ரான் துண்டை 100 டிகிரி சூடாக்கினால் சில நானோமீட்டர்தான் விரியும். நான் பாய்ச்சும் பச்சை லேசரின் அலைநீளமே 532 நானோமீட்டர், மைக்ரோஸ்கோப்பில் எங்கே பார்ப்பது? அதனால் நம் திருச்சியில் பிறந்த ராமன் 1928இல் கண்டதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பட்டுச் சிதறும் ஒளியில் அணுக்களின் அதிர்வு பதிந்து வரும். அந்த அதிர்வெண்களை வரைபடமாகப் போட்டால் இந்தப் பொருளுக்கு 385, 405 (செ.மீ.⁻¹ அலகில்) பக்கம் இரண்டு முகடுகள். சூடேற்றினால் அந்த எண்கள் கீழே இறங்கும், 100 டிகிரிக்கு ஒன்றிரண்டு எண்.

சிக்கல் அங்கேதான். அந்த ஒன்றிரண்டில் படலம் விரிந்தது ஒரு பங்கு, வெறும் சூட்டால் அதிர்வு தளர்ந்தது ஒரு பங்கு, அடியில் இருப்பது இழுத்தது ஒரு பங்கு. 2022இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒரே படலத்தை நிறைய விரியும் செம்பு, விரியவே யோசிக்கும் சிலிக்கா கண்ணாடி, துளை போட்ட சிலிக்கா கண்ணாடி என்று மூன்றின்மேல் வைத்து அளந்து பங்கு பிரித்தது. தெரியாத மூன்று எண்ணுக்கு மூன்று சமன்பாடு, நம் கணக்கு வாத்தியார் போட்டதுதான்.

ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீன் இன்னும் வினோதம். அறை வெப்பத்தில் சூடேற்றினால் சுருங்குகிறது! கொடியில் காயும் வேட்டி காற்றில் படபடக்கும்போது இரண்டு பக்கக் கிளிப்பையும் உள்ளே இழுக்குமே, அப்படி. அணுக்கள் மேலும் கீழும் ஆட ஆட, பக்கவாட்டில் இடம் குறைகிறது.

சரி, என் கூத்தைக் கேள். இருபது டிகிரி ஏற்றும்போதெல்லாம் ஹீட்டர் மேடையே விரிந்து ஃபோகஸ் போய்விடும். எரிச்சலில் சிக்னல் நன்றாக வரட்டும் என்று லேசரைக் கூட்டி வைத்தேன். முகடுகள் அழகாக நகர்ந்தன, எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் உறைத்தது: மீட்டர் 60 டிகிரி காட்டுகிறது, லேசர் விழும் புள்ளியோ தனியாக வெந்துகொண்டிருக்கிறது. இரண்டு வார அளவு குப்பைக்குப் போனது.

அதனால் ஒன்று கேட்கிறேன். தண்டவாளத்தில் தெர்மாமீட்டரை நீங்கள் எந்தப் பக்கம் வைக்கிறீர்கள், வெயில் பக்கமா, நிழல் பக்கமா? எவ்வளவு நேரம் காத்திருந்து பார்ப்பீர்கள்? மறக்காமல் எழுது.

அன்புடன்,
முரளி