599 டாலர் யாருக்கான விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிளின் சிறிய டெஸ்க்டாப் கணினியான மேக் மினியின் அடுத்த மாடல் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எம்5 சிப் (ஆப்பிளின் சொந்தப் பிராசஸர்) இருக்கும், வேகம் கூடும், ஆரம்ப விலை 599 டாலராகவே தொடரலாம் என்று சொல்லிவிட்டு முடித்துவிட்டீர்கள். அந்தக் கணினிக்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. வாங்குகிறவர் கையைக் கடிக்கப்போகும் விஷயம் அந்தக் கட்டுரையில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

புத்தகங்களுக்கு லே-அவுட் செய்வது என் தொழில். மேசையில் இருப்பது 2018 மாடல் மேக் மினி. 8 ஜிபி ரேமோடு (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) வந்ததைப் பிறகு 32 ஜிபி ஆக்கிக்கொண்டேன். அதற்கு மதர்போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது, ஆனாலும் ரேம் ஸ்லாட்டில்தான் இருந்தது. கழற்றி மாட்ட முடிந்தது. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டாஹோ என்ற இயங்குதளப் பதிப்பு இந்த மாடலில் ஓடாது. இன்டெல் பிராசஸர் உள்ள மேக்குகளுக்கு அதுவே கடைசிப் பதிப்பு என்றும் ஆப்பிள் சொல்லிவிட்டது. ஏழு வருடம் உழைத்த இயந்திரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்ததை வாங்கும்போது கணக்கு வேறு மாதிரி போட வேண்டும். 2020-இல் எம்1 சிப் வந்ததிலிருந்து மேக் மினியின் ரேம், சிப்போடு சேர்ந்து ஒரே கட்டாக வருகிறது. வாங்கும் அன்று எத்தனை ஜிபி எடுக்கிறோமோ, கணினியின் ஆயுள் முழுக்க அவ்வளவுதான்.

இதனால்தான் ஆரம்ப விலையை மட்டும் வைத்து முன்கணிப்பு எழுதுவது போதாது என்கிறேன். 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த எம்4 மேக் மினியையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுகமானபோது 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்): 599 டாலர். எஸ்எஸ்டி மட்டும் 512 ஆனால் 799. ரேமும் 24 ஆனால் 999. மூன்றிலும் சிப் ஒன்றே, பெட்டியும் ஒன்றே. முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே 400 டாலர், அதாவது ஆரம்ப விலையில் மூன்றில் இரண்டு பங்கு. என் மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு அந்த மேக் மினியின் விலை 999. அந்த எண்ணை நான் எந்த முன்னோட்டத்தின் தலைப்பிலும் பார்த்ததில்லை.

ரேம் அவ்வளவு முக்கியமா என்று சிலர் கேட்கலாம். படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தை அச்சகத்துக்கு அனுப்பும் நாளை நினைத்துப் பாருங்கள். லே-அவுட் மென்பொருளில் முழுப் புத்தகமும் திறந்திருக்கும். பக்கத்தில் போட்டோஷாப்பில் நாலைந்து படங்கள். எழுத்தாளர் கடைசி நேரத்தில் அனுப்பிய திருத்தங்கள் பிரவுசரில். அப்புறம் பிடிஎஃப் வேறு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் மெமரி பகுதிக்குப் போனால் கீழே ஒரு சின்ன வரைபடம் ஓடும். பச்சையாக இருக்கும்வரை கவலையில்லை. மஞ்சளானால் ரேம் நெருக்கடியில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குள் கணினி ரேமில் இருப்பதைச் சுருக்கத் தொடங்கியிருக்கும். அதுவும் போதாதபோது ஒரு பகுதியை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப இழுக்கும். சிவப்புக்குப் போனால் பக்கத்தைத் தள்ளினாலே சுட்டி சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் பிராசஸர் எம்4-ஆ எம்5-ஆ என்பது பெரிய வித்தியாசத்தைத் தராது.

எஸ்எஸ்டி விஷயத்தில் இன்னொன்று. 2023-இல் வந்த எம்2 மேக் மினியின் 256 ஜிபி மாடலைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே ஒரே ஒரு சேமிப்பு சிப் மட்டும் இருப்பதைக் கண்டார்கள். இரண்டு சிப் இருந்தால் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஒன்று என்றால் அந்த வழி அடைபடும். சோதித்தபோது, முந்தைய எம்1 256 ஜிபி மாடலைவிட எஸ்எஸ்டி படிக்கும் வேகம் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. விவரப் பட்டியலில் இரண்டுமே ‘256 ஜிபி எஸ்எஸ்டி’. ரேம் நிரம்பியதும் கணினி ஓடிப்போய் நிற்பது அந்த எஸ்எஸ்டியிடம்தான் என்பதால் இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. புதிய மினி வந்ததும் உங்கள் நிருபர் முதலில் இதை விசாரித்து எழுதினால் பலருக்கு உதவும்.

ரேமைக் கழற்ற முடியாதபடி வைப்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்லவில்லை. சிப்புக்கு மிக அருகில் இருப்பதால்தான் தரவு அவ்வளவு வேகமாகப் போய்வருகிறது: எம்4-இல் நொடிக்கு 120 ஜிபி, எம்5-இல் 153 ஜிபி. பாகங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கும் ஃப்ரேம்வொர்க் நிறுவனம்கூட, 2025-இல் அறிவித்த தன் சிறிய டெஸ்க்டாப்பில் ரேமைப் போர்டோடு பற்றவைத்துத்தான் கொடுத்தது. கழற்றக்கூடிய ரேமுக்கு, சிப் தயாரிக்கும் ஏஎம்டியோடு சேர்ந்து வழி தேடியும் அந்த வேகத்தில் அது சரிவரவில்லை என்றது. சரி, தொழில்நுட்பக் காரணம் இருக்கட்டும். ஆனால் அதற்காக 8 ஜிபி கூடுதல் ரேமுக்கு 200 டாலர் என்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வேறு கடையில் வாங்கிப் போட வழியில்லாத பொருளுக்கு விற்பவர் சொல்வதுதான் விலை.

விலை எப்படி அமையும்? என் எதிர்பார்ப்பைச் சொல்கிறேன். மேக் மினி 2005-இல் 499 டாலருக்கு அறிமுகமானது, 2014-இல் மறுபடி அதே 499-க்கு வந்தது. 2018-இல் 799-க்கு ஏறி, 2020-இல் 699, 2023-இல் 599 என்று இறங்கியது. 2024-இல் விலையைத் தொடாமல் அடிப்படை ரேமை 8-லிருந்து 16 ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் இருபது வருடத்தில் அவர்கள் கொடுத்த பெரிய விலைக்குறைப்பு அதுதான். எம்5 சிப்போடு 2025 அக்டோபரில் வந்த மேக்புக் புரோவும் பழைய 1599 டாலரிலேயே தொடங்கியது. ஐபோன் 17-இல் விலையைக் கூட்டாமல் அடிப்படைச் சேமிப்பை 128-லிருந்து 256 ஆக்கினார்கள். அதே கை மினிக்கும் நீண்டு 512-இல் தொடங்கினால் நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. ஏஐ தரவு மையங்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியில் ரேம் விலை எங்கும் கடுமையாக ஏறியது. குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் தலைப்புச் செய்திக்காக ஆரம்ப விலையை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் படிகளில் ஏற்றிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். ‘விலையில் மாற்றமில்லை’ என்று எல்லா இடத்திலும் செய்தி வரும்; 24 ஜிபி கேட்கிறவர்தான் வித்தியாசத்தைக் கொடுப்பார்.

காத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் உள்ள பணம் ஏதாவது ஒரு படிக்குத்தான் போதும் என்றால் ரேமுக்குக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் வெளியே ஒரு யுஎஸ்பி-சி எஸ்எஸ்டி மாட்டி, படங்களையும் பழைய வேலைகளையும் அதில் வைத்துக்கொள்ளலாம்; ரேமுக்கு அந்த வசதி இல்லை. எம்4 மினியில் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ துளை ஒன்றுகூடக் கிடையாது. அடுத்ததிலும் அப்படியே இருந்தால், பழைய கீபோர்டும் பென் டிரைவும் வைத்திருப்பவர்கள் ஒரு அடாப்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் மினியோடு வராது, 2005-லிருந்தே அப்படித்தான்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. புதிய மினி அறிவிக்கப்படும் அன்று, கட்டுரையின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி போடுங்கள். அதில் 16/256, 16/512, 24/512 (ரேம்/எஸ்எஸ்டி) ஆகிய மூன்றுக்கும் எம்4-இன் விலையையும் புதியதின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். கீழே ஒரு வரியில் 256 மாடலில் எத்தனை சேமிப்பு சிப் இருக்கின்றன என்று எழுதுங்கள். முதல் நாளே அது தெரியாவிட்டால், யாராவது பிரித்துப் பார்த்த பிறகு அடுத்த வாரம் எழுதினாலும் போதும். நான் அதுவரை வாங்காமல் இருப்பேன்.

இப்படிக்கு,
புத்தக லே-அவுட் செய்யும் ஒரு வாசகி