குளிர் விட்டுப்போச்சு

அன்புள்ள கொக்குக்கு,

பதினோரு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டுக் கீழே படி. அம்மாவுக்கு முழங்கால் மட்டும்தான் மக்கர், மற்றபடி நலம். சின்னவள் என் உயரத்தைத் தாண்டிவிட்டாள். ‘அதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம்’ என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

விஷயம் வேறு. நான் டிரைசூட் வாங்கப் போகிறேன். ஆமாம், தண்ணீர் உள்ளே புகாத அந்த டைவிங் உடையேதான்.

சிரித்து முடித்தாயா? ‘நனையாமல் தண்ணீருக்குள் போவதற்குக் கரையிலேயே உட்கார்ந்துவிடலாமே’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான், மறக்கவில்லை. நம் டைவிங் மாஸ்டர் அன்றைக்கே சொன்னார், ‘உனக்குக் குளிர் விட்டுப்போச்சு’ என்று. விட்டுப்போன குளிர் போன மாதம் திரும்பி வந்தது.

டைவிங் கூட்டாளி தவளையோடு ஏரியில் இறங்கினேன். மேலே 17 டிகிரி, சுகம். 12 மீட்டர் தாண்டியதும் கோடு கிழித்த மாதிரி 7 டிகிரி. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் ஆழமான ஏரியின் அடியில் கோடையிலும் குளிர் அசையாமல் படுத்துக் கிடக்கும் என்று நாம் பாடத்தில் படித்ததுதான். என்னிடம் இருந்தது பழைய 7 மி.மீ. நியோப்ரீன் வெட்சூட், நுரை ரப்பரில் தைத்த, தண்ணீர் உள்ளே புகும் ரகம். அதற்குச் சூடு என்பதே உள்ளே அடைபட்ட வாயுக் குமிழ்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. குமிழெல்லாம் நசுங்கி உடை அப்பளமாகிவிடும். குளிர் கூடும் இடத்தில் கம்பளி மெலிந்துபோனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

விரல் மரத்து டார்ச் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. அது வழக்கம்தானே என்று விட்டேன். இருபத்தெட்டாம் நிமிடத்தில் தவளை ‘காற்று எவ்வளவு?’ என்று கையால் கேட்டான். சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன். முள் தெரிகிறது, எண் தெரிகிறது, அது என்ன சொல்கிறது என்று மட்டும் புரியவில்லை. ‘ஓகே’ காட்டினேன். மறுபடி கேட்டான், மறுபடியும் ‘ஓகே’. அவனே என் கேஜை இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே போகலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினான். 90 பார் அழுத்தம் இருந்தது, ஆபத்தான அளவு இல்லை. ஆனால் 30 இருந்திருந்தாலும் நான் ‘ஓகே’தான் காட்டியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கரையேறி, நடுக்கத்தோடு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. உன் கடைசி டைவ். பதினான்காம் நிமிடத்தில் நீ மேலே போகலாம் என்று காட்டினாய். நான் சிலேட்டில் ‘நடிக்காதே’ என்று எழுதி உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதற்கப்புறம் நீ தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. காரணம் கேட்டால் வேலை என்றாய். நானும் நம்பியதாக வைத்துக்கொண்டேன். உன் உடம்பில் சதை என்று ஒன்று இருந்ததே கிடையாது. தண்ணீர் காற்றைவிட இருபது, இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். உன் எலும்புக்கூட்டில் உறிஞ்ச என்ன இருந்தது? அந்த இடத்தில் நான் செய்தது அயோக்கியத்தனம். இதைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

சரி, அழாதே, நானும் அழவில்லை. இப்போது டிரைசூட் புராணம் கேள். ஒன்றரை மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை, கேட்க ஆளும் இல்லை.

முதலில் துணி. நியோப்ரீன் டிரைசூட் தானே கொஞ்சம் சூடு தரும், உடம்போடு இழுபடும், ஆனால் கனம், காய மாட்டேன் என்கிறது. முன்கூட்டியே நசுக்கித் தயாரித்த ரகம் ஆழத்தில் அவ்வளவாக மாறாது, நன்றாக உழைக்கும். டிரைலாமினேட் என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம். தன்னளவில் வெறும் மழைக்கோட்டு. சூடெல்லாம் உள்ளே போடும் உடையில்தான். முதலில் இது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால் அதுதான் வசதி: 15 டிகிரிக்கு மெல்லிய உள்ளுடை, 5 டிகிரிக்குத் தடித்தது, மேல்கூடு ஒன்றே. கிழிந்தால் ஒட்டுப் போடலாம், சீக்கிரம் காயும். நான் டிரைலாமினேட் பக்கம் சாய்ந்துவிட்டேன். தவளை நியோப்ரீன் கட்சி. இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

அளவு என்பது தனி வேதனை. போட்டுப் பார்க்கும்போது உள்ளுடையோடுதான் போட வேண்டும். இது தெரியாமல் முதல் கடையில் டி-ஷர்ட்டின் மேல் மாட்டி ‘அற்புதம்’ என்றேன். அப்புறம் மாஸ்டர் சோதனை வைத்தார். குத்துக்காலிடு, மண்டியிடு, இரு கையாலும் எதிர்த் தோளைப் பிடி, கையைப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வைத் தொடு. ஆண்களுக்கு வெட்டிய உடையில் எனக்குத் தோள் தொளதொள, இடுப்பில் திணறல், காலில் மிச்சத் துணி யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாய் நின்றது. மிச்சத் துணி அழகுப் பிரச்சினை இல்லை. அதற்குள் காற்று அங்குமிங்கும் ஓடும். இறுக்கமாக இருந்தாலோ வால்வு எட்டாது. கடைசியில் அளவெடுத்துத் தைப்பது என்று முடிவு. சின்னவள் டேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி படித்தாள்.

ஜிப்புக்கு வருவோம். முதுகுப் பக்க ஜிப்பென்றால் மூட இன்னொரு ஆள் வேண்டும். முன்பக்கம் குறுக்கே ஓடும் ஜிப்பை நாமே இழுத்துக்கொள்ளலாம். பித்தளை ஜிப்புக்குப் பல்லில் மெழுகு தேய்க்க வேண்டும், கசங்க மடித்தால் கெட்டது. பிளாஸ்டிக் ஜிப் இலேசு, முட்டும் முனையில் மட்டும் கிரீஸ். எது ஆனாலும் கடைசி அரை விரற்கடை மூடாவிட்டால் முழுதும் திறந்த மாதிரிதான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பயிற்சிக் குளத்தில் குதித்தேன், ‘நனையவே இல்லை’ என்று கையசைத்தேன், முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. டிரைசூட்டுக்குள் குளித்து வந்தவள் என்று என்னைப் பற்றி இப்போது ஒரு பேச்சு உண்டு.

அடுத்தது தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் கழுத்துப் பட்டை. உன் விஷயத்தில் இதுதான் முக்கியம். லேட்டக்ஸ் நன்றாக இழுபடும், ஆனால் வெயிலும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் அதைத் தின்றுவிடும். பிறந்தநாள் பலூன் ஊதி உதடு இட்லியாய் வீங்கினவளுக்கு லேட்டக்ஸ் ஆகுமா? ஆகாது. சிலிகான் அந்தப் பிரச்சினை தராது. ஆனால் அதைத் துணியோடு ஒட்ட முடியாது, வளையத்தில் பொருத்த வேண்டும். அதுவும் நல்லதுக்கே: கிழிந்தால் கரையிலேயே சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். நியோப்ரீன் பட்டை உழைக்கும், உள்பக்கம் மடித்து விட வேண்டும். எதுவாக இருந்தாலும் முதல்முறை தலையை நுழைக்கும்போது யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் இறுக்கம் பழகிவிடும். தலை கிறுகிறுத்தால் அது பழகும் இறுக்கம் இல்லை, உடனே கழற்ற வேண்டும். அப்புறம் ஒரே ஒரு முடி பட்டைக்கு அடியில் சிக்கினாலும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். என் பின்னலுக்கு மாஸ்டர் கெடு வைத்திருக்கிறார்.

மணிக்கட்டிலும் இதே மாதிரிப் பட்டை உண்டு. அதில் ஒல்லி மணிக்கட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. எதையாவது இறுகப் பிடித்தால் நரம்பு புடைத்து நடுவே பள்ளம் விழும். அந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் புகும். உன் மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது நான் நிஜமாகப் பயந்த இடம். உடைக்குள் காற்று விடுகிறோம் இல்லையா, மார்பில் இருக்கும் வால்வை அமுக்கி? விடாவிட்டால் ஆழம் போகப்போக உடை உடம்பைக் கவ்வும், தோலில் சாட்டையடி பட்ட மாதிரி வரி வரியாய்த் தடம். விட்டால் மேலே வரும்போது அதுவும் விரியும்; இடது தோள்பக்க வால்வு வழியாக வெளியே போக வேண்டும். அந்த வால்வு உடம்பின் உச்சியில் இருந்தால்தான் போகும். தலைகீழானால்? காற்று காலுக்கு ஓடும், கால் பலூனாகும், வால்வு கீழே கிடக்கும். குளத்தில் எனக்கு அதேதான் நடந்தது. கூரையில் தொங்கும் வௌவாலாக மேலே போய்க்கொண்டிருந்தேன். முழங்காலை மார்போடு மடக்கி, உருண்டு நிமிர்ந்து, இடது முழங்கையைத் தூக்கிக் காற்றை விட வேண்டும். மூன்று மீட்டர்க் குளத்தில் வேடிக்கை. இருபது மீட்டரிலிருந்து அப்படிக் கிளம்பினால் வேடிக்கை இல்லை. டிரைசூட்டை வாங்கி நேரே ஏரியில் இறங்காமல் பயிற்சி எடுத்தது இந்த வருடம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நெருக்கம் விடும் அளவுக்கு மட்டும் உடைக்குள் காற்று, மிதப்புக்குப் பிசிடி (காற்று நிரப்பும் மிதப்புச் சட்டை) என்று மாஸ்டர் சொல்கிறார். எல்லாவற்றையும் உடையிலேயே பார்த்துக்கொள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். உடைக்குள் காற்று குறைந்தால் காலுக்கு ஓடுவதும் குறையும், நான் மாஸ்டர் பக்கம்.

உள்ளே பருத்தி கூடாது, வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிர வைக்கும். தோலோடு மெரினோ கம்பளி, அதன் மேல் தடித்த ஃப்ளீஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். தவளை உடைக்குள் ஆர்கான் வாயு விடலாம் என்கிறான். காற்றைவிட அது மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும், மூன்றில் இரண்டு பங்கு. அதற்குத் தனியாகக் குட்டி சிலிண்டர், பழைய காற்றைப் பலமுறை வெளியேற்றி நிரப்பும் வேலை. என் ஏரிக்கு இரண்டாவது பனியன் போதும். ஹீலியம் கலவையை மட்டும் மறந்தும் உடைக்குள் விடக்கூடாது, ஹீலியம் காற்றைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

ஒன்றுக்குப் போவது பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். ஆண்களுக்கு உறையும் குழாயும் வால்வும் என்று சுலபமாக முடிந்துவிடுகிறது. நமக்கும் ஒட்டிக்கொள்ளும் ஒரு கோப்பை இருக்கிறது, ஆனால் பழக்கம் வேண்டும். பெரியவர்களுக்கான டயப்பரும் உண்டு. தண்ணீர் குடிக்காமல் இறங்குவது மட்டும் வழி இல்லை; உடம்பு வறண்டால் டிகம்ப்ரஷன் நோய்க்கு (மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ் கட்டும் நோய்) வாய்ப்பு கூடும். இதற்கு மேல் இதை எழுதினால் கடிதத்தை உன் மாமியார் படித்துவிடுவார்.

‘வா’ என்று உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் தகுதி அந்தச் சிலேட்டோடு போய்விட்டது. ஒரே ஒரு உதவி வேண்டும். டிரைசூட்டின் பூட்ஸ் தடிமனில், காலில் மாட்டி நீந்தும் என் ஃபின் எதுவும் ஏறவில்லை. அந்தக் காலத்தில் ‘துடுப்பா, கட்டுமரமா’ என்று நாங்கள் ஓட்டிய உன் பெரிய ஃபின் ஜோடி இன்னும் பரணில்தானே இருக்கிறது? எனக்கு இப்போது அதுதான் சரியான அளவு. ஆமாம், சொல்லிவிட்டேன், போதுமா? தூசி தட்டி அனுப்பு, ஸ்ட்ராப் இற்றுப்போயிருந்தாலும் பரவாயில்லை, நான் மாற்றிக்கொள்கிறேன்.

உன்,
குள்ளச்சி

பி.கு. மணிக்கட்டைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது. கழுத்தும். கேட்டது நான் இல்லை, மாஸ்டர்.