கடைசி வரியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

விடைத்தாள் திருத்தி முடித்து, பீரோ சாவியையும் ஒப்படைத்தாகிவிட்டது. இந்தக் கடிதம் மட்டும்தான் பாக்கி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நேரில் பார்த்தால் "அதெல்லாம் எதுக்கு சார்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை, யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பீரியட் இருக்கும். பாடம் முடிக்காத கணக்கு ஆசிரியர் "இன்னைக்கு மட்டும் குடுங்க சார்" என்று கடன் கேட்பாரே, அந்த பீரியட். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அதை என் தலையில் கட்டியபோது, சரி, உலக இலக்கியத்திலிருந்து நல்ல கதைகளாக எடுத்துச் சொல்வோம், கடைசியில் "இக்கதையால் அறியப்படும் நீதி" என்று ஒரு வரி எழுதிப்போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான் படித்தபோது எனக்குச் சொல்லித்தந்ததும் அப்படித்தான்.

முதல் வாரமே மூன்றாவது பெஞ்சு என்னைக் கவிழ்த்துவிட்டது. மாப்பசான் 1884-இல் எழுதிய நெக்லஸ் கதை. ஒரு விருந்துக்காகத் தோழியிடம் இரவல் வாங்கிய வைர நெக்லஸைத் தொலைத்துவிடுகிறாள் மத்தில்த். அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருஷம் உழைத்துக் கடனை அடைக்கிறார்கள். கடைசியில் தெரிகிறது, இரவல் வாங்கியது போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்குதான் பெறும். கதையைச் சொல்லி முடித்துவிட்டு "பேராசை பெருநஷ்டம்" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைக்கக்கூட இல்லை, அந்த பெஞ்சில் ஒரு பெண் எழுந்துவிட்டாள். "சார், அவங்க ஆசைப்பட்டது ஒரு ராத்திரிக்குத்தான். கடனைப் பத்து வருஷம் ஒழுங்கா அடைச்சிருக்காங்க. பேராசைக்காரங்க அடைப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொருவன். கொக்கி உடைந்துவிட்டது, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்குக் கடிதம் எழுதச் சொன்னது புருஷன்தானே, போர்டில் திட்டு மட்டும் ஏன் அவளுக்கு? துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்கைத் தூக்கி அவள் உடுப்புக்குக் கொடுத்தவர் பாவம் என்று ஒரு கட்சி. அப்புறம் ஒரு பெண், அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள், மெதுவாகக் கேட்டாள்: திருப்பி வாங்கின அன்றைக்கு அந்தத் தோழி பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லையே சார், திறந்து பார்த்திருந்தால்? எத்தனையோ தடவை படித்த கதை. அந்தப் பெட்டி திறக்கப்படாமலே உள்ளே போனதை நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

மணி அடித்தது. போர்டில் எழுதியதை நானே அழித்தேன். அதற்குப் பிறகு இந்த வருஷம் முழுக்க நீதி வரி எழுதவில்லை. அந்த மூன்றாவது பெஞ்சுக்கு முதல் நன்றி. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மைதான், மறைக்க மாட்டேன்.

நூலக அம்மாவுக்கு என்ன சொல்ல? விக்தோர் யூகோவின் 'லே மிசெராப்ள', 1862-இல் வந்தது, அதில் பிஷப் வீட்டு வெள்ளிச் சாமான் காட்சியைச் சொல்லித்தரப் போகிறேன், சுருக்கப் பதிப்பு ஒன்று கொடுங்கள் போதும் என்று வந்து நின்றேன். நீங்கள் சுருக்கத்தையும் கொடுத்து, முழுப் புத்தகத்தையும் எடுத்து அதன் மேல் வைத்து, "அந்த இடம் மட்டும் இதுல படிங்க, அடுத்த அத்தியாயத்தையும் விட்டுடாதீங்க" என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்காவின் ஏழு பிள்ளைகளுக்காக ரொட்டி திருடி, தப்பி ஓடப் பார்த்ததற்கும் சேர்த்து 19 வருஷம் சிறையில் கிடந்த ழான் வால்ழான், தங்க இடம் கொடுத்த பிஷப் வீட்டிலேயே வெள்ளியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வந்து நிறுத்தியதும் பிஷப், நான்தான் கொடுத்தேன், மெழுகுவர்த்தித் தண்டு இரண்டையும் ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டு அதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பத்தாம் வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்தது. பிஷப் சொன்னது பொய்யா இல்லையா? ஒருவன் கையை உயர்த்தி, குறளைக் கணீரென்று சொன்னான், "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்". அதோடு பேச்சு முடிந்தது என்று உட்காரப் போனான். பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், நன்மை பயக்கும் எனின். எனின்! பொய் சொல்லும்போது பிஷப்புக்கு அது எப்படிடா தெரியும்?"

அந்த நேரத்தில்தான் நூலக அம்மா சொன்ன அடுத்த அத்தியாயம் கைகொடுத்தது. பிஷப் வீட்டிலிருந்து வெளியே வந்த வால்ழான் அன்றைக்கே திரும்பவும் திருடுகிறான். வழியில் விளையாடிக்கொண்டு வரும் சின்னப் பையன் ஒருவனின் நாணயம் உருண்டு வருகிறது, நாற்பது சூ காசு, அதன் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறான். பையன் அழுதுகொண்டே போய்விடுகிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவனுக்கு உறைக்கிறது, தேடி ஓடுகிறான், பையன் அகப்படவில்லை. நான் பார்த்த சுருக்கத்தில் இது இல்லவே இல்லை. அதில் பிஷப் வெள்ளியைக் கொடுத்ததும் அவன் நல்லவனாகிவிடுகிறான், பொத்தானை அமுக்கியதும் விளக்கு எரிகிற மாதிரி. காசை மிதித்த கால் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. நல்லது நடந்த பிறகும் ஒருவன் தவறலாம் என்பது அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும், தினமும் அவர்கள் அனுபவிப்பதுதானே.

இதை எழுதும்போதே மொழிபெயர்ப்பாளர்களை நினைத்துக்கொள்கிறேன். யூகோவை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த சுத்தானந்த பாரதியார் தொடங்கி எத்தனை பேர். வீட்டில் பேசுகிற மொழியில் இருந்தால்தான் பிள்ளைகள் ஒரு பாத்திரத்தோடு சண்டை போடுகிறார்கள். வேற்று மொழியில் படித்தால் அர்த்தம் சரியா என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வரலாறு டீச்சர், உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 1958 நாவலை ('சிதைவுகள்' என்று தமிழில் கிடைக்கிறது) எடுத்தபோது, இகெமெஃபுனா கொல்லப்படும் பகுதியை மட்டும் வாசித்தேன். ஒக்கொங்க்வோ வீட்டில் மூன்று வருஷம் வளர்ந்த பையன், அவனை அப்பா என்று கூப்பிடுகிறவன். தெய்வவாக்குப்படி அவனைக் கொல்ல ஊர் முடிவு செய்கிறது. அவன் சாவில் நீ கை வைக்காதே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சொல்லியும், தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒக்கொங்க்வோவே வெட்டுகிறான். வகுப்பு உறைந்து போயிற்று. ஆஹா, பாடம் நன்றாகப் போகிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில் ஒருவன், "இவங்கல்லாம் காட்டுமிராண்டிங்க சார்" என்றான். பத்துப் பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஓய்வறையில் புலம்பியதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "கடைசிப் பக்கம் படிச்சுக் காட்டினீங்களா?" இல்லை. மறுவாரம் உங்கள் ஓய்வு பீரியடை விட்டுக்கொடுத்து வகுப்புக்கு வந்தீர்கள். நாவலின் முடிவில் வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறான். ஒக்கொங்க்வோவுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம், அவ்வளவு வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறான். நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஆதிகுடிகளை அமைதிப்படுத்திய கதை என்று தலைப்பு வேறு தயாராக வைத்திருக்கிறான். நீங்கள் பிள்ளைகளிடம் அந்த ஒரு பத்தியை அதிகாரியாகவே இருந்து எழுதச் சொன்னீர்கள். எழுதினார்கள். பிறகு அதில் எது எது விட்டுப்போயிற்று என்று பக்கத்திலேயே எழுதச் சொன்னீர்கள். போன வாரம் காட்டுமிராண்டி என்றவனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பத்தி நான்கு வரி. விட்டுப்போனது ஒன்றரைப் பக்கம். எங்கள் இரண்டு பேரில் யாரும் அவனைத் திருத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், டீச்சர் ஒரு வார்த்தைகூட அவனைப் பற்றிப் பேசவில்லை.

இனி எழுதப்போவது எழுதக் கஷ்டமானது. ஷெர்லி ஜாக்சனின் 'லாட்டரி' சிறுகதை, 1948 ஜூனில் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தது. ஒரு கிராமம் வருஷா வருஷம் சீட்டு எடுத்து, கறுப்புப் புள்ளி விழுந்தவரைக் கல்லால் அடிக்கிறது. வந்த கோடையில் கதையை எழுதியவருக்கு முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தனவாம், இந்த லாட்டரி எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்களும் உண்டாம். இதைப் படித்த உற்சாகத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வகுப்பிலேயே சீட்டு எழுதிப் போட்டு எடுக்கச் சொன்னேன், ஒன்றில் மட்டும் புள்ளி வைத்து. புள்ளி, ஏற்கெனவே வகுப்பு ஒதுக்கி வைத்திருந்த பையனுக்கே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் ஒதுக்கப்பட்டிருக்கிறான் என்பதே எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. அதுதான் என் தப்பின் பெரிய பாதி.

அன்று இரவு போன் செய்து திட்டிய அந்தத் தாய்க்கு நன்றி. மேலிடத்துக்குப் போகாமல் நேராக என்னிடமே வந்தீர்கள், கத்தினீர்கள், கடைசியில் "நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பீங்க, ஆனா என் புள்ளை சாப்பிடலை" என்றீர்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை. மறுநாள் எங்கள் மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் திட்டவில்லை, ஆனால் மூன்று விஷயம் கறாராகச் சொன்னார்: வகுப்பில் யாரையும் கதையின் பலியாள் இடத்தில் நிறுத்தாதே, கனமான கதை என்றால் ஒரு நாள் முன்பே சொல்லிவிடு, எழுந்து வெளியே போக யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முன்னால் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதுவும் அவனை மறுபடி நடுவில் நிறுத்துவதுதான் என்று தடுத்து, தனியாகக் கேட்கச் சொன்னதும் அவர்தான்.

தம்பி, நீ இதைப் படிப்பாயா என்று தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து நீயாகக் கொடுத்த அந்த அரைப் பக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எல்லோரும் 'லாட்டரி'யில் புள்ளி விழுந்த டெஸ்ஸி அம்மாவைப் பற்றியே எழுதினார்கள், நீ மட்டும் அவளுடைய சின்ன மகன் டேவியைப் பற்றி எழுதியிருந்தாய், அவன் கையில் யாரோ கூழாங்கற்களைத் திணிப்பதைப் பற்றி. மறுநாள் காலை அவன் எழுந்து யாரிடம் போய்த் தலை வாரிக்கொள்வான் என்று கேட்டிருந்தாய். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தலைமையாசிரியருக்கும் ஒரு கும்பிடு. இந்த வகுப்புக்கு எப்படி மார்க் போடுவது என்று நான் கேட்டபோது, "முடிவுக்குப் போடாதீங்க, காரணத்துக்குப் போடுங்க" என்று ஒரே வரியில் தீர்த்துவைத்தீர்கள். அதிலிருந்து வந்ததுதான் எங்கள் ஒரே சட்டம்: யார் என்ன சொன்னாலும், கதையில் எந்த வரி என்று காட்ட வேண்டும். பீரியட் ஆரம்பத்தில் ஒரு துண்டுத் தாளில் தீர்ப்பை எழுதி மடித்து வைப்பார்கள், கடைசி ஐந்து நிமிஷம் அதைப் பிரித்துக் கீழே இன்னொன்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் குற்றமில்லை.

கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் அந்திகோனி நாடகம் எடுத்த வாரம் பலருடைய தாளில் இரண்டும் வேறு வேறாக இருந்தன. அண்ணன் பிணத்தைப் புதைக்க அரசன் கிரியோனின் ஆணையை மீறும் அந்திகோனி பக்கமே எல்லோரும் நிற்பார்கள் என்று நினைத்தேன். முதலில் பயந்து பின்வாங்கிய தங்கை இஸ்மினிக்கு ஒரு பெண் வக்கீலாக வந்துவிட்டாள், பிற்பாடு தண்டனையில் பங்கு கேட்டு வந்தவளை அக்கா ஏன் விரட்டினாள் என்று. இன்னொருத்தி கண்ணகியைக் கூட்டி வந்தாள். "யானே கள்வன்" என்று பாண்டியன் அந்த இடத்திலேயே உயிரை விட்டான், கிரியோன் மனசு மாறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, இரண்டு ராஜாக்களில் யார் மேல் என்று கேட்டாள். பதில் சொல்லாமல் தப்பித்தேன், மணி அடித்துவிட்டது. கணக்கு ஆசிரியர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பீரியட் கடன் கேட்க வந்தவர், கேட்காமல் போய்விட்டார். அவருக்கும் நன்றி.

நூலக அம்மா, கடைசியாக ஒன்று. முழு யூகோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தவணை எப்போதோ தாண்டிவிட்டது, பின்னட்டையும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அது மூன்றாவது பெஞ்சின் வேலை. ஒட்டிக் கொண்டுவருகிறேன், திங்கட்கிழமை.