காளான் வித்து உள்ளூரிலேயே கிடைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் வைக்கும் குடும்பம் எங்களுடையது. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால், பத்து வயதுப் பேரனும் ஏழு வயதுப் பேத்தியும் எங்களிடம் இருந்துதான் படிக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் வேலியோரம் முளைத்த காளானைப் பேரன் கை நிறையப் பறித்து வந்து, "அம்முச்சி, குழம்பு வைங்க" என்றான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. தின்னக்கூடிய புத்துக் காளானை என் மாமியார் பார்த்ததும் சொல்லிவிடுவார். எனக்கு அது தெரியாது. பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக்காசு நிறம் மாறினால் விஷம் என்பதையெல்லாம் நம்பவே கூடாது. வாங்கிக் குழியில் போட்டு மூடி, அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பையன் முகம் வாடிப் போனது. "சரி சாமி, நாமளே வளர்க்கலாம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வரை போய்ச் சிப்பிக் காளான் வித்து வாங்கி வந்தார். வித்து என்பது காளான் பூசணத்தை வளர்த்த சோளம்தான். அதன் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்துப் பேத்தி, "சோளம் பூசணம் புடிச்சிருச்சு" என்றாள். அந்தப் பூசணம்தான் காளானாகப் போகிறது என்று சொன்னதிலிருந்து அவள் அதை விட்டு நகரவில்லை. வைக்கோலை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊற வைத்து, ஒரு மணி நேரம் வேக வைத்தேன். அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. ஆறிய வைக்கோலையும் வித்தையும் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகப் போட்டது அவர்கள்தான்.

இப்படிக் கட்டிய பையைத்தான் படுக்கை என்பார்கள். முதல் படுக்கை கெட்டுவிட்டது. வைக்கோல் சரியாக உலராமலே கட்டிவிட்டோம். ஒன்பதாம் நாள் பச்சைப் பூசணம். பேத்தி அழுதாள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக்கூடாது. அடுத்த படுக்கைக்குப் பேரன் ஒவ்வொரு பிடியாகப் பிழிந்து பார்த்துத்தான் கொடுத்தான்.

அது பதினெட்டு நாளில் பை முழுக்க வெண்மையானது. பையைக் கிழித்துத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தோம். நான்காம் நாள் விடியலில் குண்டூசித் தலை போல மொட்டுகள். மறுநாள் சாயங்காலத்துக்குள் மொச்சை அளவு. பேரன் நோட்டில் மணி போட்டு அளவு எழுதி வைத்திருக்கிறான். ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிட்டோம்; விட்டால் காளானிலிருந்து மாவு போன்ற வித்துத்தூள் பறந்து சிலருக்கு இருமல் வரும். படுக்கையைத் தூங்கும் அறையில் வைக்காததும் அதனால்தான். மூன்று பறிப்பில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காய் என்றாலே தட்டைத் தள்ளும் பேத்தி, மிளகு போட்டு வறுத்ததை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வித்துக்குத்தான் ஒரு நாள் அலைச்சல். அது உயிருள்ள பொருள், வெயிலில் வைத்தால் கெட்டுவிடும். கடைச்சரக்கு போல வாங்கி அடுக்கி வைக்க முடியாது. ஆகவே வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு, மாதம் ஒரு நாள் வரவழைத்துக் கொடுத்தால் போதும். கேட்கும் பள்ளிகளுக்கு இரண்டு படுக்கைக்கான வித்தையாவது தர வேண்டும். ஐப்பசி முதல் தை வரை இதற்குக் குளிர்ச்சியான காலம். இந்தத் தை மாதத்திலேயே தொடங்கினால் பிள்ளைகள் முழுப்பரீட்சைக்கு முன்பு பறித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.