அரிஸ்டாட்டிலை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்

பள்ளி இயற்பியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். "கனமான பொருள் வேகமாக விழும் என்றார் அரிஸ்டாட்டில். கலிலியோ பைசா கோபுரத்திலிருந்து இரண்டு குண்டுகளைப் போட்டு அதைத் தவறென்று நிரூபித்தார்." இந்த இரண்டு வரியை நானும் வருடா வருடம் கரும்பலகை முன் நின்று சொன்னவன்தான். 'இதுகூடத் தெரியாதா அந்த ஆளுக்கு?' என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். போன மாதம் என் பேத்தி அதே மாதிரி வரிகளை மனப்பாடம் செய்வதைக் கேட்டபோதுதான் உறுத்தியது.

புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றில் விளக்கெண்ணெய் ஊற்றினேன். சைக்கிள் கடையில் வாங்கிய ஒரு பால்ரஸ் குண்டு, அதே பருமனில் ஒரு கண்ணாடி மணி. இரண்டையும் ஒரே நேரத்தில் விடச் சொன்னேன். பால்ரஸ் அடியைத் தொட்டு நின்றபோது மணி பாதி வழிகூட வரவில்லை. அவசரமில்லாமல், ஒரே சீரான வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ அரிஸ்டாட்டில் சொன்னது சரிதானே தாத்தா?"

இந்தக் கேள்விக்கு உங்கள் இரண்டு வரியில் பதில் இல்லை. கனம் கூடினால் வேகம் கூடும், ஊடகம் (பொருள் எதற்குள் விழுகிறதோ அந்தக் காற்று, நீர், எண்ணெய் போன்றது) அடர்ந்தால் வேகம் குறையும் என்றார் அவர். எண்ணெயிலும் நீரிலும் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய அதுதான். திரவத்திலும் காற்றிலும் நடக்கும் இயக்கத்துக்கு அவருடைய இயற்பியல் ஒரு நல்ல தோராயம் என்று கார்லோ ரோவெல்லி 2015இல் ஒரு கட்டுரையே எழுதினார். ரோவெல்லி குவாண்டம் ஈர்ப்பில் வேலை செய்கிற இயற்பியலாளர், பழம்பெருமை பேசுகிறவர் அல்ல.

அதற்காக அரிஸ்டாட்டில் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பத்து மடங்கு கனம் என்றால் பத்து மடங்கு வேகம் என்கிற கணக்கு காற்றில் எடுபடாது. ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவின் தத்துவ அறிஞர் ஃபிலோபோனஸ் அதை மறுத்துவிட்டார். 1586இல் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது: ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை முப்பதடி உயரத்திலிருந்து ஒரு பலகைமேல் போட்டார்கள், சத்தம் ஒன்றாகவே கேட்டது. ஆனால் உங்கள் பக்கத்தில் ஸ்டெவின் இல்லை, பைசா கோபுரப் படம்தான் இருக்கிறது. அந்தக் கோபுரத்திலிருந்து குண்டு போட்டதாகக் கலிலியோ தன் நூல் எதிலும் எழுதவில்லை. கடைசிக் காலத்தில் அவரோடு இருந்த விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிற கதை அது. நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள். சரி, கதை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கதை என்றாவது போடுங்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு. அடுத்த பாடத்தில் பழைய கிரேக்கத் தத்துவ அறிஞர் டெமாக்ரிட்டஸுக்கு மாலை போடுகிறீர்கள், "அணுவை முதலில் சொன்னவர்" என்று. அணுக்கள் ஓடியாட வெற்றிடம் வேண்டும் என்றது அந்தக் கட்சி. அரிஸ்டாட்டில் அவர்களோடு மல்லுக்கட்டியது அந்த வெற்றிடத்துக்காகத்தான். 'இயற்பியல்' நூலின் நாலாம் பகுதியில் அவர் வாதம் இப்படிப் போகிறது: கனமான பொருள் ஊடகத்தை எளிதாகப் பிளந்துகொண்டு போவதால்தான் வேகமாகப் போகிறது. வெற்றிடத்தில் பிளக்க என்ன இருக்கிறது? அப்படியானால் அங்கே எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் போக வேண்டும். அது நடக்காத காரியம். ஆகவே வெற்றிடம் என்று ஒன்று இருக்க முடியாது.

இதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சரியான விடை கைக்கு வந்தது, அதை அபத்தம் என்று சொல்லிக் கீழே போட்டுவிட்டார் மனிதர்! வெற்றிடத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. பாதரசக் குழாயின் மேல்முனையில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி அதைக் காட்டியது 1640களில். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15இன் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகு ஒன்றையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. அரிஸ்டாட்டில் நடக்காது என்று தள்ளியது அதுவேதான்.

பெண்களுக்குப் பற்கள் குறைவு என்றும், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்றும் எழுதியவருக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் முதலாவது தீர்ந்திருக்கும். அதே ஆள்தான் தேனீக்களைப் பற்றி எழுதிவிட்டு, விவரங்கள் இன்னும் போதவில்லை, பிற்காலத்தில் தெரியவந்தால் கோட்பாட்டைவிடக் கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

நான் கேட்பது ஒரு பக்கம். கோபுரப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றிட வாதத்தை எளிய தமிழில் போடுங்கள். "இந்த வாதத்தில் எந்தப் படி தவறு?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பக்கத்திலேயே விளக்கெண்ணெய் சோதனை. ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்

பி.கு.: சோதனை முடிந்ததும் பால்ரஸை எடுக்க டம்ளரின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்து மேலே இழுக்கலாம். கண்ணாடி மணிக்கு அது உதவாது, நீளக் கரண்டிதான்.